அப்பா ரேஸுக்குப் போனா… நானும் வருவேன்!

சனிக்கிழமை காலை ஆறரை மணி. ஹாஸ்டல்ல நம்ம ஆட்கள் போர்வையை இன்னும் ஒரு சுத்து இழுத்துப் போர்த்திக்கிற நேரம். பூந்தமல்லி தாண்டி, ஹூண்டாய் தொழிற்சாலை இருக்கிற அதே இருங்காட்டுக்கோட்டையில, ரேஸ் ட்ராக் பக்கம் மட்டும் ஊரே முழிச்சுக்கிட்டிருக்கு. 2024 சீசன்ல தேசிய பைக் ரேஸோட ஒரு ரவுண்டு அது.

பைக்கையும் சாமானையும் இறக்கி வெச்சு வேலை பார்க்கிற இடத்துக்கு பேடாக்னு பேரு. அங்கே ஒரு பழைய மாருதி வேன். பின்கதவைத் தூக்கிவிட்டு, அது மேல ஒரு பெட்ஷீட்டைக் கட்டி நிழல் பண்ணியிருக்காங்க. உள்ளே நாலு வயசுப் பையன் ஒருத்தன், ஹெல்மெட் பையைத் தலைக்கு வெச்சுத் தூங்கறான். வெளியே அவங்க அப்பா, வண்டிக்கு அடியில மல்லாக்கப் படுத்திருக்கார்.

"பாப்பா, லாக் வயர் குடு."

"தடிச்சதாப்பா, மெல்லிசா?"

பல் தேய்ச்சுக்கிட்டே கேட்ட பாப்பாவுக்கு வயசு ஒன்பது. நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். சத்தியமா சொல்றேன், லாக் வயர்னு ஒண்ணு இருக்கிறதே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். முழிச்சேன். பாப்பாவுக்கு என் நிலைமை புரிஞ்சுபோச்சு. "ஆயில் போல்ட் லூஸாகிடக் கூடாதுல்லக்கா. அதை வயரால கட்டணும். ஆயில் கொட்டினா பின்னாடி வர்ற எல்லாரும் வழுக்கி விழுவாங்க. கட்டலைன்னா செக்கிங்லயே திருப்பி அனுப்பிடுவாங்க."

நான் போனது ரேஸர்களைப் பத்தி எழுதறதுக்கு. ரேஸர்கள் பிஸி. எனக்குக் கிடைச்சதெல்லாம் அவங்க பிள்ளைங்கதான். அந்த ஒரு வரிசையில மட்டும் ஏழு பேரை எண்ணினேன். ஸ்டூல் மேல ஒருத்தன், டயர் அடுக்குக்குள்ள ஒருத்தன், அப்பாவோட பூட்ஸைப் போட்டுக்கிட்டு தத்தித் தத்தி நடக்கிற ஒருத்தி. சரி, இவங்க கதையைக் கேட்போம்னு அங்கேயே உட்கார்ந்துட்டேன்.

பாப்பாவோட அப்பாவுக்கு புதுப்பேட்டையில ஸ்பேர் பார்ட்ஸ் கடை. வயசு 38. "பேரு மட்டும் போட்டுடாதீங்கம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். "ஏன் சார், லைசென்ஸ் பிரச்னையா?" "சேச்சே, லைசென்ஸ் எல்லாம் பக்காவா இருக்கு. என் மாமனார் இன்னிக்கும் நான் சர்வீஸ் கேம்ப் போயிருக்கேன்னு நினைச்சிட்டிருக்கார்!"

இங்கே குடும்பத்தோட வர்றது இன்னிக்கு நேத்து ஆரம்பிச்ச பழக்கம் இல்லை. 1990-ல இந்த ட்ராக் வர்றதுக்கு முன்னாடி, நம்ம ஊர் ரேஸ்னா சோழவரம்தான். ரெண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தின அந்த ரேஸுக்கு ஊரே திரண்டு போகும். இப்போ 50, 60 வயசுல இருக்கிற சென்னைக்காரங்க யாரையாவது கேட்டுப்பாருங்க. 'எங்கப்பாகூட சோழவரம் போயிருக்கேன்'னு ஆரம்பிச்சா லேசுல நிறுத்த மாட்டாங்க. ஆனா பார்க்கிற அப்பாகூடப் போறது வேற. ஓட்டற அப்பாகூடப் போறது வேற.

செருப்பு வெச்சு ஒரு லெக்சர்

சனிக்கிழமை முழுக்க ப்ராக்டீஸும் தகுதிச் சுற்றும். அதாவது, பாதி நேரம் காத்திருக்கிறது. அந்த நேரத்துல பாப்பா எனக்கு எடுத்த க்ளாஸ் இருக்கே… எங்க டைனமிக்ஸ் பேப்பருக்கு இவளையே போட்டிருக்கலாம்.

தன்னோட ஹவாய் செருப்பைக் கழட்டினாள். "இதுதான் வண்டி. வளைவுல இப்படிச் சாயுதா? டயர் அப்படியே வழுக்கினா, வண்டி உள்பக்கமா படுத்துக்கும். அப்பா வண்டி பின்னாடியே சறுக்கிட்டுப் போவார். இது லோ-சைடு." செருப்பு மண்ணுல சர்ர்ருனு போச்சு. "இன்னொண்ணு இருக்கு. பின் டயர் வழுக்கி, திடீர்னு மறுபடி பிடிச்சுக்கும். அப்போ வண்டி நிமிரும். ஓட்டறவங்களைத் தூக்கி அந்தப் பக்கம் எறியும்." செருப்பு என் மடியில வந்து விழுந்தது. "இது ஹை-சைடு. லோ-சைடுன்னா பரவாயில்ல. ஹை-சைடுதான் கெட்டது."

சொன்னது அத்தனையும் சரி. உராய்வு, கோண உந்தம்னு நாலு ஸ்டெப்ல எழுதி நாம மார்க் வாங்குறதை, ஒரு ஜோடி செருப்புல முடிச்சிட்டா. ஆனா, ஒன்பது வயசுப் பிள்ளை தன் அப்பா எப்படி விழுந்தா தேவலாம்னு தெரிஞ்சு வெச்சிருக்கிறது எனக்கு என்னவோ பண்ணுச்சு. சிரிக்கவும் முடியலை.

வீட்டுச் சட்டம்னு சிலது இருக்கு. பக்கத்துல எந்த வண்டி ஸ்டார்ட் ஆனாலும் காதுக்கு மேல மஃப் வந்துடணும். ரெண்டு பிள்ளைகளுக்கும் தனித்தனியா வாங்கியிருக்காங்க. 85 டெசிபலுக்கு மேல நாள் முழுக்கக் கேட்டாலே காது கெடும்; ரேஸ் வண்டி சைலன்ஸர் அதைவிட எவ்வளவோ மேல. (நான் கொண்டுபோன பஞ்சைப் பார்த்துப் பாப்பா சிரிச்சா.) வேனைச் சுத்தி சாக்பீஸ்ல ஒரு கோடு. தம்பி அதைத் தாண்டக் கூடாது. பிட் லேன் பக்கம் ரெண்டு பேருமே தலை வெச்சுப் படுக்கக் கூடாது. ரேஸுக்குக் கால்மணி நேரம் முன்னாடி அப்பாகிட்ட யாரும் பேசக் கூடாது. இதுல ஒரு விதிவிலக்கு, தம்பி. அப்பா க்ளவுஸ் போட்டதும் மணிக்கட்டுல வெல்க்ரோவை ஒட்டற வேலை அவனோடது. ஒட்டிட்டு ரெண்டு தட்டு தட்டுவான். அது இல்லாம அப்பா கிளம்ப மாட்டாராம்.

எல்லா அப்பாவும் இப்படின்னு நினைச்சுடாதீங்க. நாலு வேன் தள்ளி ஒருத்தர், வண்டியை முறுக்கினதும் காதைப் பொத்திக்கிட்டு அழுத தன் பையனை, "இதுக்கே அழுதா நீ எங்கடா சாம்பியன் ஆகப்போறே?"ன்னு எல்லார் முன்னாடியும் அதட்டினார். பையனுக்கு ஆறு வயசு இருக்கும். அந்தப் பக்கமும் ஒரு நோட்டோட போயிருக்கலாம். ஏனோ, அவர்கிட்ட பேட்டி எடுக்கணும்னு தோணலை.

ரெண்டு நிமிஷம் நாலு செகண்ட்

ஞாயிற்றுக்கிழமை. அவருக்கு 165 சிசி ரேஸ். மொத்தம் ஆறே லேப். ட்ராக் நீளம் 3.717 கி.மீ. அவர் ஒரு லேப் சுத்தி வர ரெண்டு நிமிஷம் நாலு செகண்ட் ஆகுது. கால்குலேட்டரைத் தட்டினேன். சராசரி வேகம் மணிக்கு 108 கி.மீ! வளைவுல குறைச்சு, நேர்ல ஏத்தி, எல்லாம் சேர்த்து. இதுக்கு ரெண்டு நாள் லீவு, ஒரு வேன் பெட்ரோல், டயர், என்ட்ரி ஃபீஸ், புளியோதரை, தயிர்சாதம்… எல்லாம் ஒரு 12, 13 நிமிஷத்துக்காக.

பாப்பா கையில ஸ்டாப் வாட்ச், மடியில ஒரு நாற்பது பக்க நோட்டு. வேலிக்கு இந்தப் பக்கம், நேர் ரோடு தெரியற இடமாப் பார்த்து உட்கார்ந்தாச்சு. அம்மாவும் வந்தாங்க. ஆனா உட்கார்ந்தது வேற திசையில. ட்ராக்குக்கு முதுகைக் காட்டி!

"பார்க்க மாட்டீங்களாக்கா?"

"பதினொரு வருஷமா வர்றேன், ஒருநாளும் பார்த்ததில்லை. சத்தம் கேட்கும்ல, போதும். அவர் வண்டி சத்தம் எனக்குத் தெரியும்."

நான் நம்பலை. அத்தனை வண்டி, அத்தனையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இன்ஜின். முதல் லேப் முடிஞ்சு கூட்டமா பறந்தப்போ, அம்மா விரலை லேசா தூக்கினாங்க. அதே நொடி பாப்பா பட்டனை அழுத்தினா. சரி, நம்பித்தான் ஆகணும்.

ரெண்டாவது லேப். மூணாவது லேப். பாப்பா எழுதிக்கிட்டே இருக்கா. நடுவுல ரெண்டு நிமிஷம் எதுவுமே இல்லை. தூரத்துல எங்கேயோ தேனீக் கூட்டம் மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். வேலி ஓரம் ஒரு காக்கா உட்காரும், போகும். தம்பி பிஸ்கட் கேட்பான். டி.வி-ல காட்டற ரேஸ்ல கேமரா ஹீரோ பின்னாடியே போகும். இங்கே ட்ராக்கோட ஒரு துண்டுதான் கண்ணுக்குத் தெரியும். மத்ததெல்லாம் மனசுலதான் ஓடணும்.

நாலாவது லேப்ல முன்னணி வண்டிகள் போச்சு. நடுக்கூட்டம் போச்சு. அம்மாவோட விரல் தூக்கவே இல்லை.

2:04 ஆச்சு. 2:10. 2:20. தூரத்து வளைவுல மஞ்சள் கொடி ஆடுது. மஞ்சள்னா அந்த இடத்துல ஆபத்து, யாரும் முந்தக் கூடாதுன்னு அர்த்தம். சிவப்பு வந்தாத்தான் ரேஸையே நிறுத்துவாங்க. பாப்பா என் சட்டையைப் பிடிச்சிருந்தா. "மஞ்சள்தான்க்கா. சிவப்பு இல்ல. மஞ்சள்தான்." எனக்குச் சொன்னாளா, அவளுக்கே சொல்லிக்கிட்டாளா தெரியலை. அம்மா எழுந்து நின்னாங்க. அப்பவும் திரும்பலை. தம்பி மட்டும் பிஸ்கட்டைக் கடிச்சுக்கிட்டே, "அப்பா எங்கே?"ன்னான். யாரும் பதில் சொல்லலை.

மைக்குல நம்பரைச் சொல்லி, 'ரைடர் எழுந்துட்டார்'னு அறிவிப்பு வந்தப்போதான் எனக்கு மூச்சே வந்தது. எத்தனை செகண்ட் ஆச்சுன்னு நான் பார்க்கலை. பத்திரிகைக்காரியா அதைக் குறிச்சிருக்கணும். கை ஓடலை.

கொஞ்ச நேரம் கழிச்சு வந்தார். டாக்டர் பார்த்து அனுப்பிட்டார். தோல் சூட்டுல இடது தோள்பட்டை தேய்ஞ்சு வெள்ளையா போயிருக்கு. ஒரு கையில உடைஞ்ச க்ளட்ச் லீவர். பாப்பா ஓடிப்போய்க் கேட்ட முதல் கேள்வி:

"லோ-சைடாப்பா?"

"லோ-சைடுதான் பாப்பா."

"அப்ப சரி."

அம்மா ஒண்ணுமே கேட்கலை. சொம்புல தண்ணியை ஊத்தி நீட்டினாங்க. அவர் குடிச்சு முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கிட்டே நின்னாங்க.

வீட்ல விட்டுட்டு வந்தா?

சாயங்காலம் அம்மாகிட்ட கேட்டேன். இவ்வளவு பயம் இருக்கில்ல, அப்புறம் ஏன் பிள்ளைங்களையும் கூட்டிட்டு வர்றீங்க?

"முன்னெல்லாம் இவங்களை எங்கம்மா வீட்ல விட்டுட்டு வருவேன். அப்புறம் ஒருதடவை நானும் வீட்லயே இருந்துட்டேன். காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் போனையே பார்த்துட்டிருந்தேன். பெரியவளும் பார்க்குறா. கேட்கவும் மாட்டேங்குறா, விளையாடவும் மாட்டேங்குறா. இங்கேன்னா ரெண்டு நிமிஷம்தான் பயம். வண்டி வந்துடும், போயிடும். மறுபடி ரெண்டு நிமிஷம். வீட்லன்னா நாள் முழுக்க ஒரே பயம்."

நான் அந்த வீக் எண்டுக்குப் போகும்போது, குழந்தைகளை இங்கே கூட்டிட்டு வர்றதே தப்புன்னு முடிவோடதான் போனேன். அந்த அக்கா இதைச் சொன்னப்புறம் அந்த முடிவு கொஞ்சம் ஆட்டம் கண்டது உண்மை.

ஆனா அதே பேடாக்ல எதிர்க்கட்சியும் இருக்கு. கோயம்புத்தூர்லேர்ந்து வந்திருந்தார் ஒருத்தர். அந்த ஊர்லயும் கரி மோட்டார் ஸ்பீட்வேன்னு ட்ராக் இருக்கு. அங்கேயும் ஓட்டறார், இங்கேயும் ஓட்டறார். ஏழு வயசுப் பையன் இருக்கான். ஒருதடவைகூட கூட்டிட்டு வந்ததில்லை.

"ஓட்டறது என் முடிவுங்க. விழுந்தா என் உடம்பு. அதைப் பார்க்கிறது அவன் எடுத்த முடிவுங்களா? ஏழு வயசுல அவனுக்கு என்னங்க தெரியும்? பெருசானதுக்கு அப்புறம் அவனா வர்றேன்னு சொல்லட்டும், கூட்டிட்டு வர்றனுங்க" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "ஹெல்மெட்டைக் கழட்டினதும் முதல்ல வீட்டுக்குத்தான் போன் அடிப்பேன். ஒருதடவை போன் டூல் பாக்ஸுக்குள்ள மாட்டிக்கிச்சு. ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் பேசினேன். அன்னிக்கு வீட்ல என்கிட்ட யாருமே பேசலைங்க" என்றார்.

ரெண்டு பேர் பேச்சுலயும் நியாயம் இருக்கு. நல்லவேளை, தீர்ப்பு சொல்ற வேலை எனக்கு இல்லை.

46 யாரோட நம்பர்?

பேடாக்ல வளர்ந்த பிள்ளைங்கன்னதும் எல்லாருக்கும் ஞாபகம் வர்றது வாலன்டினோ ரோஸி. பைக் பைத்தியங்களோட ரூம் கதவுல எல்லாம் ஒட்டியிருக்குமே மஞ்சள் 46, அது ரோஸியோட நம்பர்னுதானே நினைச்சிருப்பீங்க? அது முதல்ல அவரோட அப்பா நம்பர். கிராஸியானோ ரோஸி 1979-ல 250 சிசி உலக சாம்பியன்ஷிப்ல மூணு ரேஸ் ஜெயிச்சார். வாலன்டினோ பிறந்ததும் அதே 1979-லதான். பைக் வேண்டாம்னு அம்மா பயந்ததால, பையனுக்கு முதல்ல வாங்கிக் கொடுத்தது கோ-கார்ட். அந்தப் பயம் எவ்வளவு தூரம் பலிச்சதுன்னு உங்களுக்கே தெரியும். ஒன்பது உலகப் பட்டம்!

அமெரிக்காவுல கென்னி ராபர்ட்ஸ் 1978, 79, 80-னு மூணு வருஷம் 500 சிசி உலக சாம்பியன். அவர் பையன் கென்னி ராபர்ட்ஸ் ஜூனியர் 2000-ல அதே பட்டத்தை வாங்கினார். நம்ம சென்னைக்கே வாங்க. ஏழு முறை தேசிய பைக் ரேஸ் சாம்பியன் ஆர்.ஏ.அப்துல்லா. அவர் பொண்ணு அலிஷா அப்துல்லா சின்ன வயசுல கோ-கார்ட்ல ஆரம்பிச்சு, பைக் ரேஸ் ஓட்டி, அப்புறம் கார் ரேஸுக்கும் போனவங்க. பாப்பாவுக்கு அவங்க பேரு நல்லா தெரியும். பொண்ணுங்களுக்குன்னு தனி ரேஸ் நடந்தப்போ, வேலியை விட்டு நகரவே இல்லை.

இதெல்லாம் கேட்க நல்லாத்தான் இருக்கு. இன்னொரு குடும்பம் இருக்கு. அவங்க கதையையும் சொல்லணும்.

வடக்கு அயர்லாந்து டன்லப் குடும்பம். அங்கே ரேஸ் நடக்கறது ட்ராக்ல இல்லை, வீடும் கம்பமும் சுவரும் இருக்கிற ஊர் ரோட்டுல. பெரியப்பா ஜோய் டன்லப், ஐல் ஆஃப் மேன் டி.டி ரேஸ்ல 26 தடவை ஜெயிச்ச மனுஷன். 2000-ல எஸ்டோனியாவுல ஒரு ரேஸ்ல இறந்துபோனார். தம்பி ராபர்ட் டன்லப் 2008 மே மாசம் 'நார்த் வெஸ்ட் 200' ரேஸ் ப்ராக்டீஸ்ல இறந்தார். ரெண்டே நாள் கழிச்சு அதே இடத்துல 250 சிசி ரேஸ். ராபர்ட்டோட ரெண்டு பசங்களும் வண்டியோட வந்து நின்னாங்க. மூத்தவர் வில்லியமோட வண்டி ரேஸ் தொடங்கறதுக்கு முன்னாடியே ரிப்பேர். இளையவர் மைக்கேல் ஓட்டினார், ஜெயிச்சார். அப்போ அவருக்கு 19 வயசு. என்னைவிட ஒரு வயசு சின்னவர். 2018-ல வில்லியமும் ஒரு ரேஸ் ப்ராக்டீஸ்ல போயிட்டார். அவருக்கு ஒரு சின்னப் பொண்ணு. அடுத்த குழந்தை வயித்துல. மைக்கேல் நிறுத்தலை. 2024-ல பெரியப்பாவோட 26-ஐயும் தாண்டினார்.

இதைப் பெருமையா சொல்றதா, சோகமா சொல்றதான்னு எனக்குத் தெரியலை. எழுதி எழுதி அடிச்சுட்டு, நடந்ததை நடந்தபடி போட்டுட்டேன்.

பார்க்கிறது வேற, ஓட்டறது வேற

கூட வர்ற குழந்தை எத்தனை நாள் வேலிக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்திருக்கும்? எல்லா அப்பாக்களையும் உறுத்தற கேள்வி இதுதான்.

2021-ங்கிறது உலக பைக் ரேஸ்ல ரொம்ப மோசமான வருஷம். இத்தாலி, ஸ்பெயின் ட்ராக்குகள்ல 19, 14, 15 வயசுல மூணு பேர் அடுத்தடுத்து செத்துப்போனாங்க. மூணு பேருமே விழுந்தப்புறம், பின்னாடி வந்த வண்டிகள்ல அடிபட்டவங்க. இதுக்கப்புறம் உலக மோட்டார் சைக்கிள் சம்மேளனம் விதியை மாத்தி, 2023-லேர்ந்து கிராண்ட் ப்ரீ ஓட்ட குறைஞ்சபட்ச வயசு 18-னு கொண்டுவந்தது. ஜூனியர் பட்டம் ஜெயிச்சவங்களுக்குச் சில விலக்கு உண்டு. கீழ்மட்டப் போட்டிகள்லயும் வயசை ஏத்தினாங்க. ஒரே நேரத்துல ஓடற வண்டிகளைக் குறைச்சாங்க.

2023 ஆகஸ்ட் 5. அது இதே இருங்காட்டுக்கோட்டை. பெங்களூருவிலேர்ந்து வந்த 13 வயசுப் பையன் ஒருத்தன், ரேஸ் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே விழுந்தான். தலையில அடி. காப்பாத்த முடியலை. அந்த வார ரேஸ் மொத்தத்தையும் ரத்து பண்ணிட்டாங்க. அந்தப் பேச்சை எடுத்தாலே பேடாக்ல ஸ்பேனர் சத்தம்கூட நின்னுடுது. பாப்பாவோட அப்பா எழுந்து, வேன்ல பாப்பா இருக்காளான்னு பார்த்துட்டு வந்துதான் பேசினார்.

"இவ கேட்டுட்டேதான் இருக்கா, நான் எப்போ ஓட்டறதுன்னு. அவ கண்ணைப் பார்த்து 'வேணாம்'னு சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கு? நானே ஓட்டறேனே. 'சரி'ன்னு சொல்லவும் வாய் வரலை. நான் விழுந்தா எப்படி விழணும்னு எனக்குத் தெரியும். அவ விழுந்தா… எனக்கு வேலிக்கு இந்தப் பக்கம் நிக்கத் தெரியாதும்மா. என் சம்சாரத்துக்குத்தான் அது தெரியும்."

"அப்போ என்ன சார் பண்ணப்போறீங்க?"

"பதினெட்டு ஆகட்டும்னு சொல்லியிருக்கேன். இன்னும் ஒன்பது வருஷம் இருக்குல்ல." சிரிச்சார். அவருக்கே அந்தக் கணக்கு மேல நம்பிக்கை இல்லைன்னு மூஞ்சியில தெரிஞ்சது.

என்னைக் கேட்டா? கூட்டிட்டு வரலாம். காது மஃப், சாக்பீஸ் கோடு, பிள்ளைகளைப் பார்த்துக்கவே தனியா ஒரு ஆள், இதெல்லாம் இருந்தா தாராளமா கூட்டிட்டு வரலாம். அப்பா என்ன பண்றார்னு தெரிஞ்சுக்கற உரிமை பிள்ளைக்கு இருக்கு. ஆனா பேடாக்குக்கு வந்த ஒரே காரணத்துக்காக, பிள்ளையை அடுத்த சாம்பியன்னு அளந்து பார்க்கிறது தப்பு. இதைச் சொல்ல எனக்குக் குழந்தையும் இல்லை, ரேஸும் ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டி மட்டும் ஓட்டுவேன், நாற்பதுல.

சாயங்காலம் ஆறு மணிக்கு சாமான் கட்டினாங்க. உடைஞ்ச லீவர், தேய்ஞ்ச சூட், காலி டிபன் கேரியர், எல்லாம் வேனுக்குள்ள. தம்பி மறுபடி ஹெல்மெட் பை மேல தூங்கிட்டான். அப்பா, பாப்பாவோட நோட்டை வாங்கி லேப் டைமை எல்லாம் பார்த்தார். முதல் லேப் 2:11. அடுத்தது 2:04. அடுத்தது 2:05. நாலாவது லேப்ல வந்து நின்னார்.

"என்ன பாப்பா இது? நாலாவது லேப் 23 நிமிஷம் 11 செகண்டா?"

"நீ திரும்பி வர்ற வரைக்கும் ஓடுச்சுல்ல. அதான்."

அவர் ஒண்ணும் சொல்லலை. நோட்டை மூடி, டூல் பாக்ஸ்ல மேல் தட்டுல வெச்சார். என்னை பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட்ல இறக்கிவிட்டாங்க. வழி முழுக்க வண்டி நாற்பதைத் தாண்டவே இல்லை. "மெதுவாப் போங்க"ன்னு அம்மா மூணு தடவை சொன்னாங்க.